எர்மீனியா கழுவிய பெயர்

தட்டு மேசைக்கு வந்ததும் எர்மீனியா முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்கிறார். பசியெல்லாம் அதற்குப் பிறகுதான். தட்டு உட்காரும் வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு "ம்ம்" என்கிறார். அந்த "ம்ம்" மூன்று வகை. நன்றாகப் புழங்கித் தேய்ந்த தட்டுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று, நேற்று வாங்கிய தட்டுக்குத் தொண்டையிலிருந்து ஒன்று, விருந்தாளிக்காக மட்டும் எடுக்கிற தட்டுக்கு மூக்கிலிருந்து ஒன்று. என் மகள் கல்யாணத்தில், பாஸ்தா பரிமாறி முடித்த பிறகுதான் இவருக்குத் தட்டின் ஞாபகம் வந்தது. தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து பார்த்தார். தக்காளிக் குழம்பு பக்கத்திலிருந்த சம்பந்தி அம்மாளின் மடியில் இறங்கியது. "வாடகைத் தட்டு, நெல்லோ!" என்று மேசையின் அந்தக் கோடியிலிருந்து எனக்குச் சத்தமாகச் செய்தி வேறு சொன்னார். சம்பந்தி வீட்டாருக்கும் எனக்கும் இன்றுவரை தலையசைப்பு மட்டும்தான்.

எங்கள் மலையூரான ரோக்காவெர்னாவில், ஒலிவத் தோப்புக்குக் கீழே, ரோமர் காலத்து வீடு ஒன்றைப் பதினோரு வருடமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடைக்கு ஆறு வாரம். தோண்டுவது பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். மண்ணோடு வருகிற பானைச் சில்லு, எலும்பு, ஆணி எல்லாவற்றையும் கழுவுவது எர்மீனியா. கழுவிக் காய்ந்ததைப் பார்த்துப் படம் வரைவது நான். எங்கள் இருவருக்கும் ஒரே தகரக் கொட்டகை, ஒரே மின்விசிறி. அந்த விசிறி எப்போதும் அவர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்டால், "நீ உக்காந்துதானே வேலை செய்யுற, உனக்கு எதுக்குக் காத்து?" என்பார்.

வயது அறுபத்தொன்பது. அதில் முப்பத்து நான்கு வருடம் பிரபுவின் மாளிகையில் பாத்திரம் தேய்த்தவர். பிரபு குடும்பம் மாளிகையை விற்றுவிட்டு மிலானுக்குப் போனதும், மறுவாரமே இரண்டு வாளிகளோடு குழிக்கு வந்து நின்றார். "இவ்வளவு நாள் பிரபு வீட்டு எச்சித் தட்டைக் கழுவினேன், இனிமே ரோமாபுரிக்காரன் எச்சித் தட்டைக் கழுவுறேன். ஒரே வித்தியாசம், இவன் மணியடிச்சுக் கூப்பிட மாட்டான்." மேலங்கியில் ஆறு பைகள். ஒரு பையில் ஈரத்துணி, ஒன்றில் பல் துலக்கும் தூரிகைகள், ஒன்றில் எப்போதும் பாதி சாப்பிட்ட பீச் பழம். மற்ற மூன்றில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை.

சில்லைக் கழுவும்போது அதை உடைத்தவர்களோடு சண்டை போடுகிறார். "அடி பாவி, தண்ணி ஊத்தி ஊறவச்சா கரி தானா வரும்ல? அப்படியே சுரண்டியிருக்கா பாரு." அடிபிடித்த பானை ஓட்டைப் பார்த்து இப்படி. ஒருநாள் பன்றி எலும்புக் குவியலைப் பிரித்து, "தொடை எல்லாம் முன்கூடத்துக் குப்பையில, தலையும் காலும் அடுப்படிக் குப்பையில. பெரியவங்க தொடை தின்னாங்க, வேலைக்காரங்க காதைக் கடிச்சாங்க. எங்க பிரபு வீட்டுலயும் இதே கணக்குதான்" என்றார். அகழாய்வுக்குத் தலைமை தாங்கும் டாக்டர் சிமொனெத்தா இதையெல்லாம் வாய் பேசாமல் நோட்டில் குறித்துக்கொள்வார். குளிர்காலத்தில் அச்சாகி வரும் அறிக்கையில் 'உணவுப் பங்கீட்டில் சமூகப் படிநிலை தெளிவாகப் புலப்படுகிறது' என்று இருக்கும். எர்மீனியா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் சொன்னதுதான். கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்பார்.

இந்தக் கண் உயிரோடிருப்பவர்களையும் விடுவதில்லை. தெருவில் குப்பைப் பை வைக்கிற நாளில் அவர் நடை மெதுவாகிவிடும். மருந்துக்கடைக்காரர் இரகசியமாகப் புகைப்பதும், உடல் இளைக்கக் கீரை மட்டும் தின்பதாகச் சொல்லும் தபால்காரி வாரம் இரண்டு டப்பா சாக்லேட் காலி செய்வதும் எனக்கு இப்படித்தான் தெரியும். நான் என் குப்பையை எட்டு கிலோமீட்டர் காரில் கொண்டுபோய் வேறு ஊரில் போடுகிறேன். மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இவ்வளவு கூர்மையான மனுஷி ஒரு தப்புச் செய்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய முதல் கோடையில், வேலைக்கு வந்த நான்காம் நாள்.

சரக்கறைக் குழியிலிருந்து ஒரு மதுச்சாடியின் தோள் துண்டு, மண் அப்பியபடி, வாளிக்கு வந்தது. மண் போனதும் கீழே சிவப்பாக ஏதோ கறை. முப்பத்து நான்கு வருடம் கறையை விரோதியாகப் பார்த்த கை அது. எலுமிச்சை பிழிந்தார், சாம்பல் போட்டார், கம்பிநாரை எடுத்தார். டாக்டர் சிமொனெத்தா கொட்டகைக்குள் வந்தபோது துண்டு பளபளவென்று இருந்தது. "பாருங்க டாக்டரம்மா, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று நீட்டினார் எர்மீனியா, பெருமையாக.

அது கறை இல்லை. எழுத்து. மது அனுப்பிய வியாபாரி, அது யாருக்கு என்று காட்ட, சாடியின் தோளில் தூரிகையால் எழுதிய வீட்டுக்காரனின் பெயர். பதினெட்டு நூற்றாண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, எர்மீனியாவின் வாளியில் ஐந்தே நிமிடத்தில் கரைந்து, ஒலிவ மரத்தடியில் ஊற்றப்பட்டுவிட்டது. கடைசி எழுத்தின் கால் மட்டும் மிஞ்சியது, ஒரு சின்னச் சிவப்புக் கோடு. அதையும் நான் அளவெடுத்து வரைந்தேன். என் தொழிலிலேயே சுலபமான படம் அதுதான். வரையும்போது கை கூசியது.

டாக்டர் திட்டவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். "திட்டியிருந்தா நானும் நாலு திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், நெல்லோ. அந்தப் பொண்ணு அழுதுட்டா. இப்ப நான் எப்படிப் போறது? அந்த மனுஷன் பேரைக் கழுவினது நான். அவன் யாருன்னு நான்தான் சொல்லணும்." அன்றிலிருந்து எலுமிச்சை கிடையாது, கம்பிநார் கிடையாது. குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய தூரிகைதான்.

அது மட்டுமில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசையில், ஊரில் செத்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வரிசையாக வாசிப்பார். எர்மீனியா போய் இந்த வீட்டுக்காரனையும் சேர்க்கச் சொன்னார். "பேர் இல்லாம எப்படி வாசிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார் பாதிரியார். "பேர் இருந்துச்சு சாமி. நான்தான் கழுவிட்டேன். அந்த இடத்துல ஒரு இருமல் இருமிட்டுப் போங்க, ஆண்டவருக்குப் புரியும்." அந்த ஆள் கிறிஸ்தவனே இல்லை என்று பாதிரியார் வாதாடிப் பார்த்தார். கறி தின்னக் கூடாத வெள்ளிக்கிழமையன்று அவருடைய குப்பைப் பையில் இருந்த எலும்பைப் பற்றி எர்மீனியா மெதுவாக ஏதோ சொன்னாராம். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில் பாதிரியார் ஒருமுறை இருமுகிறார். கோயில் முழுக்கத் தலை குனிந்து நிற்கிறோம்.

இந்த வருடம் வம்பு மேயர் வடிவில் வந்தது. மேயர் அல்பேரிகோ கெட்டவர் இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு நோய், எதிர்மலை ஊர். அங்கே ரோமர் காலத்து அரங்கம் இருக்கிறது, அதற்குச் சுற்றுலாப் பயணிகளுக்கான பழுப்பு நிறப் பலகை இருக்கிறது, அதன் முன்னால் பேருந்துகள் நிற்கின்றன. எங்கள் ஊருக்கு வருகிற ஒரே பேருந்து பள்ளிக்கூடப் பேருந்து. ஆகவே நாங்கள் தோண்டும் வீட்டில் வாழ்ந்தவர் ரோமாபுரி மன்றத்தில் உட்கார்ந்த செனட்டர் என்று மேயர் முடிவு கட்டிவிட்டார். ஆகஸ்டு கடைசி ஞாயிறு 'செனட்டர் மாளிகை' என்று பலகை திறப்பு. அன்றைக்கு ரோமர் உடைபோல உடுத்த ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து, செனட்டர்களுக்கே உரிய ஊதாக் கரையைத் தம் தாயாரைக் கொண்டு தைத்தும் வைத்துவிட்டார். அச்சகத்துக்குப் போக வாசகத்தில் டாக்டரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையெழுத்துக்குக் கொட்டகைக்கு வந்தார். டாக்டர் தயங்கினார். எர்மீனியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மேயர் தம்பி, இவன் செனட்டர் இல்ல. அடிமையா இருந்து, விடுதலையாகி, சம்பாதிச்சு மேல வந்தவன்."

"யார் சொன்னது?"

"இவன்தான் சொல்றான். இங்க வா, அடியைப் பாரு." ஒரு கூடையை இழுத்தார். "செவப்புத் தட்டு, பதினெட்டு. அந்தக் காலத்துல இதுதான் பகட்டு. வளையம் தேஞ்சிருக்கா? கத்திக் கீறல் ஒண்ணு இருக்கா? வாங்கி அலமாரியில வச்சு அழகு பாத்திருக்கான். அடுத்த கூடையைப் பாரு, அடுப்படிப் பானை. விரிஞ்ச பானையை எல்லாம் ஈயக் கம்பியில தச்சு வச்சிருக்கான். பொறப்புலேயே பணக்காரன் பானையைத் தைப்பானா? தூக்கிப் போட்டுட்டு வேற கேப்பான். முன்கூடத்துச் சுவத்துல இருக்கிறது பளிங்கு இல்ல, பளிங்கு மாதிரி சாயம்."

"சிக்கனமான செனட்டரா இருக்கலாம்."

"சரி, இதைப் பாரு." மூன்றாவது கூடையில் துருப்பிடித்த பூட்டுகள். "முன்வாசலுக்கு ஒரு பூட்டு. சரக்கறைக்கு மட்டும் ஏழு. வெளித் திருடனுக்கு இவன் பயப்படல, உள்ள இருக்கறவனுக்குத்தான் பயந்தான். எங்க பிரபு வீட்டு அலமாரி எதுக்குமே பூட்டு கிடையாது. சீஸ் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது! எது எங்கேர்ந்து எப்படிக் காணாமப் போகும்னு தெரிஞ்சவன்தான் ஏழு பூட்டு போடுவான். எப்படித் தெரியும்? அவனே எடுத்திருக்கான்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. டாக்டர் மெதுவாக, "எல்லாம் பொருந்துது. பேர் மட்டும் இருந்தா உறுதியாச் சொல்லிடலாம். விடுதலையான அடிமை எஜமான் குடும்பப் பேரையும் சேத்துக்குவான், பேரே காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

மேயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "பேர் இருந்துச்சே! அதைக் கழுவி மரத்தடியில ஊத்தினது யாரு?"

எர்மீனியா திரும்பி உட்கார்ந்து ஒரு சில்லை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். கால் மணி நேரம் அதே சில்லு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. கொட்டகை நகராட்சியுடையது. நான் வீரன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

மேயர் போகும்போது, "வியாழக்கிழமை எங்க வீட்டுல எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. அங்கேயே கையெழுத்துப் போட்டுடலாம், டாக்டர்" என்றார். வாசலில் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, "எர்மீனியாக்கா, நீங்களும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வழியெல்லாம் நான் அவரிடம் சத்தியம் வாங்கினேன். "தட்டைத் திருப்பக் கூடாது."

"திருப்பல."

"சத்தியமா?"

"நொச்சு பண்ணாதே, நெல்லோ. இன்னைக்கு நான் எதையும் பாக்கல. பாத்து என்ன ஆகப்போகுது?" அந்தக் குரலில் சுரத்தே இல்லை. ஊரெல்லாம் செனட்டர் என்று சொல்லத் தொடங்கிவிட்டால் பிறகு அந்த மனுஷனை யாரும் தேடப் போவதில்லை, தாம் செய்த தப்புக்கும் பரிகாரம் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேயரின் தாயார் தொனாத்தா அம்மாளுக்கு எண்பத்து நான்கு வயது. குரலுக்கு இருபது. முயல் கறி கமகமக்க, பொன் விளிம்பு போட்ட தட்டுகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டே வந்தார். எர்மீனியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தட்டு அவர் முன்னால் வந்தது. வலது கை மெதுவாக வெளியே வந்தது. நான் இருமினேன். கை நிற்கவில்லை. தட்டு திரும்பியது.

அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அந்தக் கடை மூடி நாற்பது வருடம் ஆகிறது.

"ம்ம்" என்றார் எர்மீனியா, மூக்கு வழியாக.

"என்னடி பாக்குற?" என்றார் தொனாத்தா அம்மாள். "என் கல்யாணத் தட்டு. பெரிய மனுஷங்க வந்தாத்தான் எடுக்கறது."

"மத்த நாள்ல?"

"மத்த நாளைக்குத் தகரத் தட்டு இருக்கே, போதாதா?" சொல்லிக்கொண்டே பாஸ்தாவோடு முயல் பாத்திரத்தையும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். செம்புப் பாத்திரம். விரிசலில் வரிசையாக ஏழெட்டு ஆணி அடித்து ஒட்டுப் போட்டிருந்தது. டாக்டர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்த ஆணிகளையே பார்த்தார். பிறகு அவர் பார்வை சுவருக்குப் போனது. அந்த அறையின் சுவர் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைப் பளிங்கு. பளிங்கு இல்லை, சாயம். இருபத்தைந்து வயதில் கைச்செலவுக்காக அதை வரைந்தவன் நான்தான். நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்துகொண்டேன்.

"பாஸ்தா மேல தூவச் சீஸ் எடுத்துட்டு வரேன்" என்று தொனாத்தா அம்மாள் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தார். கயிற்றில் ஒரு கொத்துச் சாவி.

மேயர், "அம்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று பாதி எழுந்தார்.

"உனக்கு எந்தச் சாவின்னு தெரியுமா? உக்காருடா."

டாக்டரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா, சீஸுக்கு எதுக்குப் பூட்டு?"

"எங்க மாமனார் போட்டதும்மா. அவரு சின்ன வயசுல பிரபு வீட்டுப் பன்னி மேச்சவரு. மேய்க்கிறப்ப தொடை ஒண்ணு, சீஸ் ஒண்ணுன்னு அப்பப்ப வீட்டுக்கு நடந்து வந்துடும். அப்புறம் சொந்தமா நிலம் வாங்கி, வீடு கட்டினதும் முதல் வேலையா எல்லாத்துக்கும் பூட்டு போட்டுட்டாரு. களவு அவருக்குத் தெரியாததா?"

"அம்மா!" என்றார் மேயர். காது இரண்டும் தக்காளி ஆகிவிட்டன.

"என்னடா அம்மா? வெக்கமா இருக்கா? பன்னிக் கொட்டாயிலேர்ந்து இந்த வீட்டுக்கு வந்தவரு. பிரபு பொறந்த இடத்துலயே உக்காந்திருந்தான். எங்க மாமனார் எவ்வளவு தூரம் நடந்திருக்காரு!"

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்க. மேயர் தம் முன்னாலிருந்த பொன் விளிம்புத் தட்டைப் பார்த்தார். மெதுவாக அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். அதிலும் விலைச் சீட்டு.

இப்போது எர்மீனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொட்டகையில் வாங்கிய குத்துக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் அதற்காகவே காத்திருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மேயர்தான் பேசினார். "எர்மீனியாக்கா, அந்த ஆளு... நல்லா இருந்தானா?"

எர்மீனியா அவர் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் இருந்தான், தம்பி. பதினெட்டுத் தட்டு வாங்கியிருக்கானே. யாரோ பெரிய மனுஷங்க வீட்டுக்கு வருவாங்கன்னு நம்பியிருக்கான். அடி தேயலையே, அதுதான் எனக்கு வருத்தம். யாரும் வரல போல."

தொனாத்தா அம்மாள் சீஸைத் துருவிக்கொண்டே, "ஐயோ பாவம்" என்றார், அடுத்த தெரு ஆளைப் பற்றிச் சொல்வது போல.

பழம் வருவதற்குள் மேயர் பேனாவைக் கேட்டு வாங்கி 'செனட்டர்' என்பதை அடித்துவிட்டார். புதிய வாசகத்துக்கு ஒரு மணி நேரச் சண்டை. 'வாழ்ந்திருக்கலாம்' வேண்டாம், 'வாழ்ந்தார்' என்றே போடுங்கள் என்று மேயர் ஒற்றைக் காலில் நின்றார். டாக்டர் மசியவில்லை. கடைசியில் இப்படி முடிந்தது: 'அடிமையாக இருந்து விடுதலை பெற்று, தாமே முன்னேறிய ஒருவர் இந்த வீட்டில் வாழ்ந்திருக்கலாம். பெயர் தெரியவில்லை.'

கடைசி வரியை நான் வாசித்துக் காட்டியபோது எர்மீனியா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். விருந்தாளி கழுவக் கூடாது என்று தொனாத்தா அம்மாள் கத்தியதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே தோப்பில் கூடியது. எதிர்மலைக்காரர்களும் கேலி செய்ய வந்திருந்தார்கள். மேயர் படுக்கை விரிப்பில்தான் வந்தார், ஆனால் ஊதாக் கரை இல்லை. தாயார் பிரித்து எடுத்துவிட்டார், தையல் தடம் மட்டும் தெரிந்தது. அச்சகத்து வண்டியில் வந்த பலகைமேல் வழிப் புழுதி படிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பாதிரியார் மந்திரித்து, 'இன்னாருடைய வீடு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு இருமல் இருமி, பலகைமேல் தீர்த்தம் தெளித்தார். புழுதியும் தீர்த்தமும் சேர்ந்து, புத்தம் புதுப் பலகையில் சேறாக வழிந்தது.

எதிர்மலைக்காரர்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். எர்மீனியா முன்னால் போனார். கை தானாக மேலங்கிப் பைக்குள் போய் ஈரத்துணியோடு வெளியே வந்தது. டாக்டர் சிமொனெத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

துணி பலகைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. எர்மீனியா அதைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, சேறு காயட்டும் என்று கைகட்டி நின்றார். ஊரும் நின்றது, மேயரும் விரிப்பைப் பிடித்தபடி நின்றார். ஆகஸ்டு வெயிலில் அது காயப் பத்து நிமிடம் ஆனது. பிறகு மெல்லிய தூரிகையை எடுத்து மூலைகளைத் தட்டினார், விளிம்பைத் தட்டினார், ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் தூரிகையை உயர்த்தி, 'பெயர் தெரியவில்லை' என்ற எழுத்துகளின் மேலே காற்றிலேயே கொண்டுபோய், அந்தப் பக்கத்தில் இறக்கி, மிச்சப் புழுதியைத் தட்டினார்.